நான்கு மணி நேரம் பின்னால்...!

1

"ஆ... ஆ... ஆ...!"

அந்த அலறல் பல் செட் பட்டறையின் நீண்ட நடையைத் தாண்டி, பல் அச்சு வார்க்கும் மாவுக்கல் பொடி மூட்டைகளைத் தாண்டி, வாசல் கேட்டில் நாற்காலி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனின் காதில் போய் விழுந்தது.

அவர் கண்ணைத் திறந்தபோது அவள் எதிரில் நின்றிருந்தாள்.

வயது இருபத்தைந்து. பட்டறையில் மெழுகில் பல் செதுக்குகிறவள். அதனால் எல்லோருக்கும் அவள் 'மெழுகு'. அந்த நிமிடம் அவள் முகமும் மெழுகு நிறத்தில்தான் இருந்தது.

"என்னம்மா? எலியா?"

"முதலாளி...!"

"முதலாளி எலியப் பார்த்துட்டாரா?"

"முதலாளி செத்துக் கிடக்காருங்க...!"

மாலை மணி 6.05. ஒருவேளை 6.04 ஆகவும் இருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தக் கதையில் காணாமல் போயிருப்பது நிமிடம் அல்ல.

நான்கு மணி நேரம்!

இருவரும் உள்ளே ஓடினார்கள். முதலாளியின் அறைக் கதவு திறந்து கிடந்தது. மேஜைக்குப் பின்னால், நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில், குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். காய்ந்து கறுத்திருந்தது.

பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது பித்தளைத் தாடை.

மேல் பல் அச்சையும் கீழ்ப் பல் அச்சையும் மாட்டி, கடி சரியாக விழுகிறதா என்று பார்க்கும் கருவி அது. ஒரு செங்கல் கனம். பட்டறையில் எல்லோரும் தினமும் கையில் எடுப்பதுதான். ஆனால் முதலாளியின் மேஜையில் இருந்த தாடையில் மாட்டியிருந்தது அவருடைய சொந்தப் பற்களின் அச்சு!

"கடைசியில அவர் பல்லே அவரைக் கடிச்சிருச்சே..." என்றார் வாட்ச்மேன்.

மேஜைமேல் கம்ப்யூட்டர் விழித்திருந்தது. திரையின் மூலையில் சிவப்பாக ஏதோ ஒரு எச்சரிக்கை.

மெழுகு அதைப் பார்த்தாள். படிக்கவில்லை.

பிணம் கிடக்கும் அறையில் எச்சரிக்கையை யார் படிப்பார்கள்?

2

மறுநாள் காலை. போலீஸ் ஸ்டேஷன். மணி பத்து நாற்பது.

"உட்காரு."

"நான் எதுவும் பண்ணலை சார்!"

"உட்காரத்தான் சொன்னேன்."

இன்ஸ்பெக்டருக்கு வலது கன்னம் வீங்கியிருந்தது. மூன்று நாளாகக் கடைவாய்ப் பல் வலி. நேற்றுக் காலை முழுவதும் பல் டாக்டர் வீட்டு வாசலில் காத்திருந்துவிட்டு, ஊசியைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டவர். திருடனுக்குப் பயப்படாதவர். அது வேறு.

அறையின் ஓரத்தில் ஒரு பெண் கான்ஸ்டபிள் பதிவேட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. தலைக்கு மேல் சுவர்க் கடிகாரம் டிக்... டிக்... என்றது.

"டாக்டர் ரிப்போர்ட் வந்துடுச்சு. உங்க முதலாளி செத்தது மத்தியானம் ஒண்ணே முக்காலுக்கும் ரெண்டே காலுக்கும் நடுவுல. அப்ப நீ எங்க இருந்தே?"

"மெழுகு ரூம்ல சார். சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல சார். மத்தவங்க எதிர்க் கடைக்குச் சாப்பிடப் போயிருந்தாங்க."

"தாடையில உன் விரல் ரேகை இருக்கு."

"எல்லார் ரேகையும் இருக்கும் சார். அது எங்க வேலைச் சாமான்."

"ம்... அப்ப இதைப் பாரு."

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். ஒரு ஒல்லி இளைஞன் மடிக்கணினியைத் திருப்பி வைத்தான். போலீஸின் கம்ப்யூட்டர் ஆள். டாக்டர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குகிற மாதிரி அவன் கழுத்தில் எப்போதும் ஒரு கேபிள் தொங்கும். பெயரும் அதுவே... கேபிள்!

படம் ஓடியது. பட்டறை நடை. முதலாளியின் அறைக் கதவு. ஜன்னல் இல்லாத நடை. பகலோ இரவோ, ஒரே குழல் விளக்கு வெளிச்சம். மூலையில் நேற்றைய தேதி. நேரம் 2.04.

மெழுகு கதவைத் தட்டுகிறாள். திறக்கிறாள். உள்ளே போகிறாள்.

2.05. கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறாள்.

2.06. படம் நின்றுவிட்டது.

"அது யாரு? உன் அக்காவா?"

"நான்தான் சார். ஆனா அது... அது ரெண்டு மணி இல்ல சார். ஆறு மணி! நான் அவரைப் பார்த்துட்டுக் கத்திக்கிட்டு ஓடினது!"

"இங்க ரெண்டுன்னு போட்டிருக்கே."

"கடிகாரம் தப்பு சார். நாலு மணி நேரம் பின்னால இருக்கு. அதுக்குக் காரணம்... நான்தான்."

இன்ஸ்பெக்டர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"சொல்லு. மெதுவா. பல் வலிக்காத மாதிரி."

மெழுகு சொன்னாள். நடுவில் இரண்டு முறை, "தப்பாச் சொல்லிட்டேன், இருங்க" என்று பின்னால் போய் மறுபடி ஆரம்பித்தாள். அதுவும் அவளுக்கு எதிராகத்தான் போனது.

"சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போறேன் சார். அங்க வேற சிஸ்டத்துல பாடம் நடத்துறாங்க. என்கிட்ட கம்ப்யூட்டர் கிடையாது. முதலாளிகிட்ட கேட்டேன். அவர் சாப்பிட வீட்டுக்குப் போற நேரத்துல போட்டுக்கோன்னார். நேத்து பன்னிரண்டே முக்காலுக்கு ஆரம்பிச்சேன். இருக்கிற சிஸ்டத்தை அழிக்காம, அது பக்கத்துலேயே ரெண்டாவதா ஒண்ணு."

"ரெண்டாவது கம்ப்யூட்டரா?"

"பெட்டி ஒண்ணுதான் சார். உள்ள ரெண்டு பேர் குடியிருக்கிற மாதிரி. ஒருத்தர் முழிச்சிருந்தா இன்னொருத்தர் தூங்கணும். ஆன் பண்ணும்போது, யாரை எழுப்பட்டும்னு கேட்கும்."

"ஒரே உறையில ரெண்டு கத்தி!"

"ஆமா சார்."

"கத்தின்னு நீயே ஒத்துக்கறே. மேல சொல்லு."

"பெட்டிக்குள்ள கடிகாரம் மட்டும் ஒண்ணே ஒண்ணு சார். பழைய சிஸ்டம் அதுல நம்ம ஊர் நேரத்தை வைக்கும். புதுசு உலகப் பொது நேரத்தை வைக்கும். ரெண்டுக்கும் இந்தத் தீவுல நாலு மணி நேரம் வித்தியாசம், இந்தியா மாதிரி அஞ்சரை இல்ல. புது சிஸ்டம் எழுந்ததும் கடிகாரத்தை நாலு மணி நேரம் பின்னால தள்ளிருச்சு. அப்புறம் நான் பழைய சிஸ்டத்துக்குத் திரும்பினேன். கேமரா அதுலதான் ஓடும். அது கடிகாரத்தைப் பார்த்துச்சு... இதுதான் நம்ம ஊர் நேரம்னு நம்பிருச்சு. மத்தியானம் ஒன்றரை மணிக்கு, காலையில ஒன்பதரைன்னு காட்டுச்சு!"

இன்ஸ்பெக்டர் கேபிளைப் பார்த்தார்.

"அந்தப் பெட்டியோட கடிகாரம் எப்படி?"

"நேத்து சாயங்காலமே பார்த்தேன் சார். வினாடி சுத்தமா சரியா இருக்கு."

"நெட்ல இணைச்சீங்களா?" மெழுகு பாதி எழுந்தேவிட்டாள்.

"இணைக்காம? எந்தப் பெட்டி வந்தாலும் முதல்ல நெட். அப்புறம் அப்டேட். அதுதான் என் முறை."

"ஐயோ...! நெட்ல இணைச்சா கடிகாரம் தானாத் திருத்திக்குமே! வைரஸ் வரும்னு முதலாளி அந்தச் சிஸ்டத்தை நெட் பக்கமே விட்டதில்ல சார். நான்கூடப் புதுசுக்கு மட்டும்தான் என் போன்லேர்ந்து நெட் குடுத்தேன்..."

"ஆக, கடிகாரம் தப்பா இருந்துச்சு. அதை எங்க ஆளே சரி பண்ணிட்டார். இப்ப சரியா இருக்கிறதுதான் அது தப்பா இருந்ததுக்கு அத்தாட்சி. அப்படித்தானே?"

"ஆ... ஆமா சார்."

"எனக்கு வலிக்கிறது பல்லுதான். மூளை இல்ல."

கேபிள் சிரித்தான். மெழுகு பையைத் துழாவி ஒரு நோட்டை எடுத்தாள். எதைச் செய்தாலும் ஒவ்வொரு படியையும் நேரம் போட்டு எழுதிவைப்பது அவள் வழக்கம். தன் ஞாபகத்தின்மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. உண்மையில், தன்னுடைய எதன்மேலும் கிடையாது.

இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார்.

"'படி 9. பழைய சிஸ்டத்தில் திறந்தேன். என் வாட்ச்சில் 1.32. கம்ப்யூட்டரில் 9.32?? நான்தான் ஏதோ தப்பாகச் செய்திருப்பேன். தொட்டால் இன்னொன்று கெடலாம். வகுப்பில் கேட்க வேண்டும்.'... இதை எழுதினது?"

"நான்தான் சார்."

"கொலை பண்ணினதா நாங்க சந்தேகப்படறது யாரை?"

"என்னை..."

"அப்ப உனக்கு நீயே சாட்சி. சரி, தப்புன்னு தெரிஞ்சும் நேரத்தை ஏன் மாத்தலை?"

"பயம் சார். முதலாளியோட கம்ப்யூட்டர்..."

மாற்றியிருந்தால் அரை நிமிட வேலை. அவளுக்கு அது இப்போது நன்றாகத் தெரிந்தது.

"இன்னொண்ணு. ரெண்டு ஆறுக்குப் பதிவு ஏன் நின்னுச்சு?"

நேற்று படிக்காமல் விட்ட சிவப்பு எச்சரிக்கை என்னவென்று மெழுகுக்கு இப்போது புரிந்தது.

"புது சிஸ்டத்துக்கு இடம் வேணும்னு டிஸ்க்கைப் பாதியா வெட்டினேன் சார். பழைய பக்கம் இடம் குறைஞ்சு போச்சு. நிறைஞ்சிருக்கும். கேமரா நின்னுருக்கும்."

"கேமராவோட கண்ணை மூடினதும் நீதான்!"

அவள் சொன்ன ஒவ்வொரு உண்மையும் கயிற்றில் இன்னொரு முறுக்காக ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கோ பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் இதற்குள் வீட்டுக்குப் போயிருப்பாள்!

"சார்... ஒரே ஒரு தடவை முழுப் பதிவையும் பாருங்க சார். ரெண்டு மணிக்கு யாரு உள்ள போனாங்களோ, அவங்க பதிவுல பத்து மணின்னு இருப்பாங்க!"

"காலையில நிஜமாவே பத்து மணிக்கு ஓடின பதிவு எங்க போச்சு?"

"மணியை வச்சுத்தான் சார் பதிவுக்குப் பேரு. ஒரே மணி ரெண்டு தடவை வந்தா, புதுசு பழசு மேலேயே ஏறி உட்கார்ந்திடும். காலைப் பதிவு அழிஞ்சிருக்கும்..."

"அதுவும் அழிஞ்சுபோச்சா! உன் கதையில எது அழியாம இருக்கு?... யோவ் கேபிள், முழுசாப் போடுய்யா. இதையும் பார்த்துடலாம். நேத்து ஒரு மணியிலேர்ந்துதானே பார்த்தோம்."

"அந்தத் துண்டைத்தான் சார் நேத்து பிரதி எடுத்தேன். மிச்சம் பெட்டிக்குள்ள இருக்கு."

கேபிள் ஓரத்து மேஜையில் இருந்த பட்டறைக் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினான்.

திரை நீலமானது.

யாரை எழுப்பட்டும் என்று அது கேட்கவில்லை. வேறு ஒன்றைக் கேட்டது.

"என்னய்யா அது?"

"சார்... அது வந்து... நேத்து போட்ட அப்டேட், துவங்குற இடத்தையே மாத்திருச்சு போல. பூட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. மீட்புச் சாவி கேட்குது. நாற்பத்தெட்டு இலக்கம்!"

"நாற்பத்தெட்டா? என் போன் நம்பரே எனக்கு ஞாபகம் இல்ல. யாருக்குத் தெரியும் அது?"

"கம்ப்யூட்டர் யாருதோ அவருக்கு..."

மூவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை.

கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் பிணவறையில் இருந்தார்.

"பன்னிரண்டு மணிக்குக் கோர்ட்டுக்கு வண்டி," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்குள்ள ஆவியைக் கூப்பிட்டுக் கேட்டா உண்டு!"

3

மணி பதினொன்று இருபது.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பெண் கான்ஸ்டபிள் அப்போதுதான் முதன்முறையாகத் தலையைத் தூக்கினார்.

"என்னங்க இது... மறுபடியும் கேட்டை அடைச்சு நிறுத்திட்டீங்க?"

"இதோ எடுத்துடறேன் மேடம். பெரியம்மாவை இறக்கிவிட்டுட்டு..."

உள்ளே வந்தவன் முதலாளியின் மனைவியின் தம்பி. முதலாளிக்கு மச்சான், அதனால் பட்டறைக்கே மச்சான். உலோகம் வாங்குவது, செய்து முடித்த பற்களை டாக்டர்களிடம் கொண்டு சேர்ப்பது எல்லாம் அவன்தான். கண்கள் சிவந்திருந்தன. கைக்குட்டை நனைந்திருந்தது.

அவன் பின்னால், வேனில் கூட வந்த மெழுகின் அம்மா. கையில் மகளின் மூக்குக் கண்ணாடி.

"இதை விட்டுட்டு வந்துட்டியேடி. இது இல்லாம உனக்கு என்ன தெரியும்?"

"அம்மா..."

"சாப்பிட்டியா?"

"பசிக்கலைம்மா."

"தையல் கத்துக்கோ, தையல் கத்துக்கோன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். தையல் மெஷின்ல ஒரே சக்கரம், ஒரே ஊசி. யாரு உசுருக்காவது ஆபத்து வந்துச்சா?"

மெழுகு கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். உலகம் தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்ததால் இன்னும் பயமாக இருந்தது.

மச்சான் இன்ஸ்பெக்டரிடம் குனிந்தான்.

"சார், அக்கா ஆஸ்பத்திரியில மயக்கமாக் கிடக்கா. நான்தான் எல்லாத்தையும் பார்க்கணும். இந்தப் பொண்ணைக் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க. தங்கமான பொண்ணு. ஏதோ கோபத்துல..."

"ஏதோ கோபத்துல?"

"இல்ல சார்... கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டான்னு மாமா கண்டபடி திட்டியிருப்பார். சின்ன வயசு. கையில கிடைச்சதை எடுத்து..."

மெழுகு திடுக்கிட்டாள்.

"அண்ணே! முதலாளி என்னை ஒரு வார்த்தை திட்டலையே!"

"பயப்படாதே தங்கச்சி. கோபம் வராத மனுஷன் உண்டா? அண்ணன் நான் இருக்கேன். பெரிய வக்கீலா வைக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் மெதுவாக ஒரு காகிதத்தில் எழுதினார். 'காரணம்: கோபம்.'

ரேகை இருந்தது. படம் இருந்தது. இப்போது காரணமும் வந்துவிட்டது. உதவி செய்ய வந்தவனே கொண்டுவந்து கொடுத்துவிட்டான்!

மெழுகு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்கே தப்பு செய்தேன்? படி 1. படி 2. விரல் வரிவரியாக இறங்கியது.

படி 3-இல் நின்றது.

'மீட்புச் சாவி இல்லாமல் ஆரம்பிக்காதே என்று வகுப்பில் சொன்னார்கள். முதலாளியிடம் கேட்டேன். இருக்கிறது என்று காட்டினார். சரி.'

காட்டினார்...!

எதைக் காட்டினார்?

"சார்!" அவள் குரல் கிறீச்சிட்டது. "சாவி இருக்கு சார்! நீங்கதான் வச்சிருக்கீங்க!"

"நானா?"

"பித்தளைத் தாடை! எங்க பட்டறையில யாரோட அச்சா இருந்தாலும் அடியில பென்சில்ல எழுதிடுவோம் சார். நோயாளி பேரு, தேதி, பல் நிறம் எல்லாம். காகிதம் தொலையும், அச்சு தொலையாதுன்னு முதலாளி சொல்வார். அவர் சாவியையும் அப்படித்தான் எழுதி வச்சிருந்தார். என் வாயைவிடப் பத்திரமான பெட்டி எதுன்னு திருப்பிக் காட்டிச் சிரிச்சார்..."

மச்சானின் கைக்குட்டை நின்றது.

இன்ஸ்பெக்டர் பீரோவைத் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்த தாடையை, உறையோடு சேர்த்துத் தலைகீழாகத் திருப்பினார். மாவுக்கல்லின் அடிப்பக்கம்... பென்சில் எழுத்து. எட்டு வரிசை. வரிசைக்கு ஆறு எண்.

"அடப்பாவி மனுஷா..." என்றார். "கொலை ஆயுதத்துக்கு அடியிலேயே சாவி!"

கேபிள் தட்டினான். இன்ஸ்பெக்டர் படித்தார். ஏழு வரிசை முடிந்தது. எட்டாவது வரிசையின் கடைசி எண்...

அதன்மேல் ரத்தக்கறை!

"தெரியலையே! மூணா? எட்டா?"

"மூணு போட்டுப் பாருங்க."

போட்டான். திரை மறுத்தது.

"எட்டு?"

மறுத்தது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். மெழுகு நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். சுவர்க் கடிகாரம் பதினொன்று நாற்பத்திரண்டைத் தாண்டியது.

"பூஜ்யத்துலேர்ந்து வரிசையாப் போடுங்க சார்," என்றாள். "பத்துக்கு மேல இல்லையே."

பூஜ்யம்... இல்லை. ஒன்று... இல்லை. இரண்டு... இல்லை. நான்கு... ஐந்து...

ஆறு!

திரை திறந்தது.

4

படம் 9.32-இல் ஆரம்பித்தது. அதற்கு முன் இருந்தது வேறு துண்டு.

9.40. மெழுகு நோட்டோடு அறையிலிருந்து வெளியே வருகிறாள்.

"காலையிலேயே நோண்டி முடிச்சாச்சு. மத்தியானம்னு கதை விட்டே!"

"அது மத்தியானம் ஒண்ணு நாற்பது சார்..."

9.52. முதலாளி பல் குத்திக்கொண்டே உள்ளே போகிறார்.

"பாருங்க சார், சாப்பிட்டுட்டு வர்றார்!"

"காலையிலயும் மனுஷன் சாப்பிடுவான்."

10.01. கதவருகே ஒருவன். திறந்து உள்ளே போகிறான்.

மச்சான்!

10.07. வெளியே வருகிறான். கதவை மெதுவாகச் சாத்துகிறான். போகிறான்.

அதற்குப் பிறகு யாருமே இல்லை. 2.04-க்கு மெழுகு வரும் வரை, சாத்திய கதவு மட்டும்தான்.

"கதவு சாத்தியிருந்தா, வேலை முடியற ஆறு மணி வரைக்கும் தட்டக் கூடாது சார், அது எங்க பட்டறைச் சட்டம். அதான் யாரும் போகலை. சார், உள்ள போன முதலாளி வெளியே வரவே இல்லையே! நேத்து காலையில பதினோரு மணிக்கு அவர் எங்களோட நின்னு வேலை பார்த்தாரே!"

"ரூமுக்குப் பின்கதவு இருக்கு. அந்த வழியா வந்து போயிருப்பார். பிணம் கிடந்தப்ப உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சு."

எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. பதில்கள் எல்லாமே நியாயமாகவும் இருந்தன. அதுதான் கொடுமை.

இன்ஸ்பெக்டர் மச்சானின் பக்கம் திரும்பினார்.

"பத்து மணிக்கு வந்திருக்கீங்க போலிருக்கே?"



மச்சானின் முகத்தில் ஏதோ ஒன்று வேகமாகக் கணக்குப் போட்டது. பிறகு... மலர்ந்தது.

"ஆமா சார்! பத்து மணிக்கு! டெலிவரி லிஸ்ட் வாங்க வந்தேன். மாமா நல்லாச் சிரிச்சுப் பேசினார்."

"நேரம் நிச்சயமா ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு சார். வாட்ச்சைப் பார்த்துட்டுத்தான் உள்ள போனேன். பத்து அடிச்சு ஒரு நிமிஷம்."

"அப்புறம் பட்டறைப் பக்கம் வந்தீங்களா?"

"இல்லவே இல்ல."

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவன் எழுதினான். கையெழுத்தின் கடைசியில் பெரிதாக ஒரு சுழி போட்டான்.

இன்ஸ்பெக்டர் மெழுகைப் பார்த்தார். முதன்முறையாக அவர் குரலில் கேலி இல்லை. அது அவளுக்குக் கேலியைவிட மோசமாக இருந்தது.

"கேட்டியாம்மா? கேமராவுல பத்து மணி. வந்தவரும் பத்து மணிங்கறார். கடிகாரம் சரியாத்தான் ஓடியிருக்கு. உன் நாலு மணி நேரக் கதை இதோட முடிஞ்சுபோச்சு."

மெழுகு நோட்டைத் திறந்து படி 9-ஐப் பார்த்தாள்.

அண்ணன் எதற்குப் பொய் சொல்லப் போகிறார்? அப்படியென்றால்... என் வாட்ச்தான் தப்பா? நான் எழுதியதுதான் தப்பா? 9.32 என்பதை நிஜமாகவே காலையில் பார்த்தேனா? அந்த இரண்டு கேள்விக்குறிகளையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவை வளர்ந்துகொண்டே போயின.

"நான்... நான் ஏதோ தப்பாச் செஞ்சிருப்பேன் சார்..." என்றாள், மிக மெதுவாக.

"என்னடி சொல்றே!" அம்மா அலறினாள்.

வாசலில் கோர்ட் வண்டியின் ஹாரன்.

"ஏறச் சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

மெழுகு எழுந்தாள். நோட்டை அம்மாவிடம் கொடுத்தாள். அழவில்லை. எந்தப் படியில் அழ வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சார்... ஒரு நிமிஷம்."

ஓரத்திலிருந்து வந்தது குரல்.

பெண் கான்ஸ்டபிள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தார். நேற்றைய பக்கத்தைத் திருப்பி இன்ஸ்பெக்டரின் முன்னால் வைத்தார். அதன் பக்கத்தில், ஈரம் காயாத மச்சானின் வாக்குமூலத்தை நகர்த்தி வைத்தார்.

இரண்டு கையெழுத்து. ஒரே பெரிய சுழி!

"நேத்து நீங்க பல் டாக்டர்கிட்ட போயிருந்தீங்கல்ல சார், அப்ப நடந்தது. இவர் வேனை நம்ம கேட்டை அடைச்சு நிறுத்திட்டுப் போயிட்டார். சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டேன். ஒன்பதே முக்காலுக்கு வந்து சத்தம் போட்டார். அபராதம் கட்டி, கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கிட்டுப் போகும்போது மணி பத்து முப்பத்தஞ்சு. முழு நேரமும் அந்த பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தார்."

"நேரம் சரிதானா?"

"சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன் சார். அதுக்குள்ள குடியிருக்கிறது ஒருத்தர்தான்."

யாரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் பெஞ்சைப் பார்த்தான்.

"பத்து மணிக்கு இங்க இருந்திருக்கே," என்றார் இன்ஸ்பெக்டர். மரியாதை காணாமல் போயிருந்தது. "அப்ப பட்டறைக் கதவைத் திறந்தது எத்தனை மணிக்கு?"

மச்சான் ஓடப் பார்த்தான். இரண்டே எட்டு. கேபிளின் கழுத்துக் கேபிளில் கை மாட்டிக்கொள்ள, இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். கேபிள் தன் வாழ்க்கையில் பிடித்த முதல் குற்றவாளி!

5

பிறகு எல்லாம் சீக்கிரம் வந்தது.

நல்ல உலோகம் என்று சொல்லி மட்டமான கலவையை வாங்கிப் போட்டிருந்தான். ஒரு நோயாளிக்கு ஈறு வெந்து, வாய் திறக்க முடியாமல் போயிற்று. முதலாளி விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். செய்து அனுப்பிய பற்களை எல்லாம் திரும்ப வாங்கப் போவதாகவும், ஒவ்வொரு டாக்டருக்கும் உண்மையை எழுதப் போவதாகவும் சொன்னார். நேற்று மதியம் இரண்டு மணி. கடிதத்தை எழுதவும் குனிந்தார்.

மேஜையில் பித்தளைத் தாடை இருந்தது.

"கேமரா இருக்குன்னு தெரியும்ல? அப்புறம் எந்தத் தைரியத்துல இங்க வந்தே?"

"நேத்தெல்லாம் செத்துச் செத்துப் பிழைச்சேன் சார். ரெண்டு மணிக்கு இவ படம்தான் இருக்குன்னு பேச்சு வந்துச்சு. எனக்கே ஒண்ணும் புரியல. இன்னிக்குப் பார்த்தா, நான் வந்தது பத்து மணின்னு காட்டுது. இல்லைன்னு சொன்னா ரெண்டு மணின்னு ஆயிடும். கம்ப்யூட்டரே எனக்காகப் பொய் சொல்லும்போது, நான் எப்படி சார் மறுக்கிறது?"

"சார், இங்கேயும் இருக்கு," என்று தலையில் கட்டோடு கேபிள் முனகினான். "நேத்து சாயங்காலம் நான் நெட் குடுத்ததும் கடிகாரம் நாலு மணி நேரம் முன்னால குதிச்சிருக்கு. பெட்டியே குறிச்சு வச்சிருக்கு. நான்தான்... பார்க்கலை."

"முதல்ல நெட், அப்புறம் அப்டேட். பார்க்கிறது எப்பவாம்?"

அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடுவதாக இல்லை. மெழுகு நோட்டைத் திறந்து, படி 9-இல் இருந்த இரண்டு கேள்விக்குறிகளில் ஒன்றை அடித்தாள். இன்னொன்றை அடிக்க இன்னும் துணிச்சல் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மச்சானை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு ஒரு பெட்டியில ரெண்டு சிஸ்டம் வச்சதுக்கே இத்தனை வம்பு. நீ ஒரே உடம்பை ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல வச்சிருக்கியேடா...!"

மச்சான் வாசலைப் பார்த்தான். கடைசியாக ஒரு கவலை மிச்சமிருந்தது.

"சார்... என் வண்டி கேட்டை அடைச்சு நிக்குதே...?"

"நிக்கட்டும்," என்றார் பெண் கான்ஸ்டபிள், விலங்கைச் சொடுக்கிக்கொண்டே. "நேத்து வண்டியப் பூட்டினேன்... இன்னிக்கு டிரைவரை!"